எல்லோரும் வழுக்கி விழுந்த ஆஸ்பத்திரி

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரியில் யாருக்கும் ஞாபகமில்லை. சமாதானம் சார் என்றால்தான் தெரியும். யாராவது யாரையாவது அடித்துவிட்டால் உடனே, "சமாதானம் சாரைக் கூப்பிடு" என்பார்கள். அடித்தவனைப் பிடிப்பதற்கு அல்ல. அடி வாங்கியவரைப் பிடித்து நிறுத்தி, அடித்தவனிடம் மன்னிப்புக் கேட்க வைப்பதற்கு. இதற்கென்று ஒரு மனிதரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த இடம் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் முதலில் துணிக்கடையில் இருந்தவர். சாயம் போகிறது, தையல் விட்டுவிட்டது என்று துணியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களை அப்படியே திருப்பி அனுப்பும் மேஜை அவருடையது. கையைக் கூப்புவார், தலையைச் சாய்ப்பார், "உங்க கோபம் நியாயம்" என்பார். நியாயம் என்று சொன்னாரே தவிர, ஒரு முழத் துணியைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. ஒருநாள் ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர், விரிப்புகளில் சாயம் போய் நோயாளிகளின் முதுகெல்லாம் நீலமாகிவிட்டது என்று கத்திக்கொண்டு கடைக்கு வந்தார். கத்த வந்தவர் இன்னும் இரண்டு கட்டு விரிப்புகளை வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது, இந்த ஆள் துணிக்கடையில் இருக்க வேண்டியவன் இல்லை என்று. அடுத்த மாதமே சமாதானம் சார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

அங்கே அவருக்கு வேலை பெரும்பாலும் அவசரப் பிரிவு வாசலில்தான். உயிருக்குப் போராடுகிறவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், டாக்டர் வரத் தாமதமானால் கண்ணில் படுகிறவரை அடிப்பார்கள். பெரிய டாக்டர் கண்ணில் படமாட்டார். அவருக்குப் பின்பக்கம் தனி வழி இருந்தது. கண்ணில் படுகிறவர்கள் நர்ஸ், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், வாசல் காவலாளி. அடி விழுந்த சத்தம் அடங்குவதற்குள் சமாதானம் சார் ஓடிவந்துவிடுவார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நர்ஸிடம், "அவங்க துக்கத்துல இருக்காங்கம்மா. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. வாய் தேஞ்சா போயிடும்?" என்பார். அவள் கேட்பாள். அடித்தவனும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டுப் போவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சட்டம் வந்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரின் மண்டையை உடைத்துவிட்டார்கள். நர்ஸ்களும் காவலாளிகளும் காலங்காலமாக வாங்கிய அடிக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்த நாடு, டாக்டர் மண்டை என்றதும் கொதித்து எழுந்தது. போகட்டும், எப்படியோ எழுந்ததே. ஊழியரை யாராவது அடித்தால் அன்றைக்கே நிர்வாகம் போலீசில் புகார் கொடுக்க வேண்டும், அடிபட்டவருக்கு வைத்தியம் பார்த்து சம்பளத்தோடு ஓய்வும் தர வேண்டும், மூடி மறைத்தால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சிறை என்றது சட்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

பெரிய டாக்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வக்கீலைக் கூப்பிட்டார். சட்டம் தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில் பாய்கிற வக்கீல் அவர்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை போலீஸ் வண்டி வாசல்ல நின்னா எவன் இங்க வைத்தியத்துக்கு வருவான்?" என்றார் டாக்டர்.

"அடி விழுந்தாத்தானே புகார் கொடுக்கணும்? அடியே விழலைன்னா?"

"மூஞ்சி வீங்கியிருக்குமேய்யா!"

வக்கீல் குனிந்து தரையைப் பார்த்தார். அது சாதாரணத் தரை இல்லை. கப்பலில் வந்த பளிங்கு. குனிந்தால் முகம் தெரியும். "இந்தத் தரையில வழுக்கி விழுந்தா மூஞ்சி வீங்காதா?" என்றார்.

அன்று முதல் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அடி வாங்கவில்லை. எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள்.

ஆனால் சும்மா விழுந்தால் போதாதே, ஒரே மாதிரி விழ வேண்டுமே. அந்தப் பொறுப்பு சமாதானம் சாருடையது. கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். எங்கே விழுந்தாய் என்று அவர் கேட்பார். அவசரப் பிரிவு வாசலில் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். ஏன் விழுந்தாய்? தரை வழுவழுன்னு இருந்துச்சு. யாராவது கை வைத்தார்களா? இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒப்பிக்க வைத்தார். காவலாளி மட்டும் எழுந்து, "சார், எனக்கு ரெண்டு கன்னமும் வீங்கியிருக்கு. ஒரே தரையில ரெண்டு பக்கமும் எப்படி சார் விழறது?" என்றார். கேன்டீனே சிரித்தது. சமாதானம் சாரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "ரெண்டு தடவை விழுந்தேன்னு சொல்லு" என்றார்.

இந்தச் சேவைக்குப் பரிசாக அவருக்கு ஒரு கண்ணாடி அறையும், 'நிர்வாகப் பொறுப்பு அதிகாரி' என்ற பெயர்ப் பலகையும் கிடைத்தன. பலகையைப் படம் பிடித்துக்கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

"சம்பளம் கூடியிருக்கா?" என்றாள் மனைவி.

"பொறுப்பு கூடியிருக்கு" என்றார் பெருமையாக.

வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் முதலில் மாலை போடுவார்கள். அதை ஆட்டிடம் யாரும் சொல்வதில்லை.

மனைவிக்கு ஒரு தங்கை. தாய் சீக்கிரமே போய்விட்டதால் அவளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி ஆளாக்கியது அக்காதான். அந்த வீட்டில் வேறு குழந்தை இல்லை. சின்னவள் என்றுதான் இருவரும் அவளைக் கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பை முடித்ததும் அவளுக்கு அதே ஆஸ்பத்திரியில் வேலை வாங்கிக் கொடுத்தார் சமாதானம் சார். "அங்க உன்னை யாராவது ஏதாவது சொல்வாங்களா? அத்தான் இருக்கேன்ல?" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தான் இருந்தார். இருந்து என்ன?

மூச்சுத் திணறலோடு ஒரு கிழவரைக் கொண்டுவந்தார்கள். கூடவே அவர் மகன், வாட்டசாட்டமான ஆள், கட்டிலின் மேல் கவிழ்ந்து நின்றுகொண்டு அலறினான். சின்னவள் கிழவரின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை வைத்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவருக்குக் காத்து வரட்டும்" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் அறைந்துவிட்டான். விரிந்த கை இடது காதின்மேல் விழுந்தது. அவள் சுவரில் போய் மோதி நின்றாள்.

சமாதானம் சார் வழக்கம்போல ஓடிவந்தார். அடிபட்டது யார் என்று பார்த்தார். ஒரு நொடி அவர் முகம் கறுத்துப்போய்க் கை இறுகியதாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் பிற்பாடு சொன்னார். இருக்கலாம். அடுத்த நொடி அந்தக் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன. "தம்பி, உங்க கோபம் நியாயம்" என்றார். பிறகு கொழுந்தியாளின் பக்கம் திரும்பி, "ஒரு வார்த்தை கேட்டுடும்மா" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணா" என்று அந்த மகனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, நழுவிக் கிடந்த முகமூடியை எடுத்துக் கிழவரின் முகத்தில் மறுபடி சரியாகப் பொருத்தினாள். அந்த இடத்தில் மனிதர் என்று சொல்லத் தகுந்த ஒரே ஆள் அவள்தான்.

காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "செவிப்பறை கிழிஞ்சிருக்கே. எப்படி ஆச்சு?" என்றார்.

"வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்றார் சமாதானம் சார்.

"உள்ளங்கையால ஓங்கி அறைஞ்சாத்தான் இப்படிக் கிழியும். உங்க தரைக்குக் கை முளைச்சிருக்கு போல." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வழுக்கி விழுந்ததாகவே எழுதிக்கொண்டார். படித்தவர் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

கிழிந்தது முழுதாக மூடவில்லை. வீட்டில் அக்காவிடமும் வழுக்கி விழுந்த கதைதான் சொல்லப்பட்டது. ஆனால் வளர்த்தவளிடம் எத்தனை நாள் ஒளிக்க முடியும்? இடது பக்கம் நின்று கூப்பிட்டால் சின்னவள் திரும்பாமல் துணி மடித்துக்கொண்டிருப்பதை அக்கா கவனித்தாள். உட்காரவைத்துக் கேட்டாள். உண்மை வந்தது. அன்று மாலை கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"எவனோ அறைஞ்சிருக்கான். நீங்க பக்கத்துல நின்னு அவளையே மன்னிப்புக் கேக்க வச்சிருக்கீங்க. போலீசுக்குப் போகணும்னு சட்டமே இருக்காமே? காதுக்கு நல்ல இடத்துல வைத்தியம் பாக்கணும். நீங்க சொல்லலைன்னா யார் சொல்லுவா?"

"நான் பாத்துக்கறேன். கொஞ்சம் பொறு."

துணிக்கடையில் சாயம் போன துணியோடு வந்தவர்களிடம் சொன்ன அதே குரல். கட்டிய மனைவிக்கும் அந்தக் குரல்தான் கிடைத்தது.

இதற்கிடையில் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. வேலை செய்யும் இடத்தில் ஊழியருக்குக் காயம் ஏற்பட்டால் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அடிதடிதானே ஆபத்து, விழுந்ததைத் தெரிவிப்பதில் என்ன என்று வக்கீல் ஒவ்வொரு விழுதலையும் மறக்காமல் தெரிவித்துக்கொண்டே இருந்தார். ஒரே வாசலில் இத்தனை பேர் விழுந்தால் கேட்பவர் என்ன நினைப்பார் என்று அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

துறையிலிருந்து ஆய்வாளர் அம்மாள் வந்தார். முதுகில் பட்டை போட்டிருந்தவர், பல் போனவர், கை வீங்கியவர் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அவசரப் பிரிவு வாசலில், தரை வழுவழுன்னு இருந்துச்சு, யாரும் கை வைக்கல. சின்னவளிடமும் கேட்டார். அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் தலையசைத்தார். அவளும் விழுந்ததாகவே சொன்னாள். ஆய்வாளர் அம்மாள் நேர்மையானவர். நேர்மையானவர்களிடம் உள்ள ஒரே தொல்லை, சொன்னதை நம்பிவிடுவார்கள். இத்தனை மனிதர்களைச் சாய்த்த தரையை உடனே பெயர்த்து எறிந்துவிட்டு, வழுக்காத கல் பதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

பெரிய டாக்டர் தம் மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபோதுகூட அப்படி அழவில்லையாம். முதல் நாள் கடப்பாறை இறங்கிய ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேலை முடியும்வரை அவருடைய பின்பக்கத் தனி வழிதான் அவசரப் பிரிவு வழியாக இருந்தது. மீதி நாட்களில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை.

புதுத்தரை வந்தது. அம்மி கொத்தினதுபோல அப்படியொரு சொரசொரப்பு. ஸ்ட்ரெச்சர் போனால் நோயாளியின் பல் தந்தியடிக்கும். வேலையைச் சரிபார்க்க ஆய்வாளர் அம்மாள் வந்த அன்று, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் உதடு கிழிந்து ரத்தத்தோடு எதிரே வந்தார். கொஞ்ச நேரம் முன்னால்தான் ஒருவன் குத்திவிட்டுப் போயிருந்தான்.

"என்னப்பா ஆச்சு?" என்று பதறினார் அம்மாள்.

"வழுக்கி விழுந்துட்டேன் மேடம்."

"எங்க?"

"இங்கதான் மேடம். அவசரப் பிரிவு வாசல்ல."

"இந்தத் தரையிலயா?"

"ஆமா மேடம். தரை வழுவழுன்னு இருந்துச்சு."

படித்த பாடம் அப்படியே வந்தது. பாவம், தரையை மாற்றினார்களே தவிர யாரும் பாடத்தை மாற்றவில்லை. அம்மாள் காலைத் தரையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். செருப்பின் அடி தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். பார்க்க வேண்டியதை அன்றுதான் பார்த்தார். விசாரணை வைக்கிறேன், காதில் காயம்பட்ட அந்த நர்ஸையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல், பெரிய டாக்டர், சமாதானம் சார் மூவரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள். வக்கீல் விளக்கினார். அடி விழுந்தது என்று தெரிந்தால், மறைத்ததற்காக நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சிறை. சமாதானம் சார் இரக்கத்தோடு பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரிய டாக்டர் கதவில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தார். அப்போதுதான் நம் ஆளுக்கு மாலையின் கனம் தெரிந்தது. இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. வழி இருக்கு" என்றார் வக்கீல். "தரை மேல தப்பில்ல, விழுந்தவங்க கவனக்குறைவுன்னு சொல்லிடலாம். தேஞ்ச செருப்போட வேலைக்கு வந்தாங்க. அவங்கள்ல ஒருத்தர் ஒத்துக்கிட்டாப் போதும். காதுல அடிபட்ட பொண்ணு ஒத்துக்கிட்டா ரொம்ப நல்லது. அப்புறம் துறை நம்பறதுக்காகப் பேருக்கு அந்தப் பொண்ணை வேலையை விட்டு நிறுத்தணும்."

"உங்க வீட்டுப் பொண்ணுதானே. எனக்கும் மக மாதிரிதான்" என்றார் பெரிய டாக்டர், மிகவும் உருக்கமாக. "நீங்க சொன்னாக் கேட்டுக்குவா."

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தொட்டிலையும் அடுத்தவனைவிட்டு ஆட்டச் சொல்கிற ஆளை அங்கேதான் பார்க்க முடியும்.

அதே அறையில் சின்னவளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார் சமாதானம் சார். சுற்றி வளைத்து, அத்தானின் பலகையில் தொடங்கி, தேய்ந்த செருப்பில் முடித்தார். அவள் வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அவன் அறைஞ்சதை நான் சொன்னா நீங்க ஜெயிலுக்குப் போகணுமா அத்தான்?"

"அப்படித்தான் வக்கீல் சொல்றாரு."

"அப்ப அக்கா?"

அந்த ஒரு கேள்வியிலேயே அவள் முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவருக்கு மூச்சு வந்தது. வெட்கம் வந்ததாகத் தெரியவில்லை.

விசாரணை அன்று ஆய்வாளர் அம்மாள் சின்னவளின் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டதால், முதல் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவள் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"செருப்பு தேஞ்சிருந்துச்சு மேடம். மாத்தணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். என் தப்புதான்."

"உன் மேல யாரும் கை வைக்கலையா? பயப்படாம சொல்லும்மா. உண்மையைச் சொன்னதுக்காக உன்னை வேலையை விட்டு எடுக்க முடியாது. அதுக்கும் சட்டம் இருக்கு."

"இல்ல மேடம்."

உண்மையைச் சொன்னால் வேலையைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது. அக்காவுக்காகச் சொல்கிற பொய்யிலிருந்து காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. அம்மாள் பெருமூச்சு விட்டார். பிறகு சமாதானம் சாரின் பக்கம் திரும்பினார்.

"நீங்க பெரியவர். அன்னைக்குப் பக்கத்துல இருந்திருக்கீங்க. இந்தப் பொண்ணு உங்க மனைவியோட தங்கச்சின்னும் கேள்விப்பட்டேன். நீங்க சொல்லுங்க. விழுந்தாளா, அடி வாங்கினாளா?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆயுள் முழுக்க அடுத்தவரை வாய் திறக்க வைத்த மனிதரிடம், அவருடைய சொந்த வாயை ஒரே ஒருமுறை திறக்கும்படி கேட்டார்கள். சின்னவள் குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? எதிர்பார்த்தாள். இருபது வருஷமாக ஒரே வீட்டில் சாப்பிட்டவள், கடைசி நேரத்திலாவது அத்தானுக்குப் பொறுக்காது என்று எதிர்பார்த்தாள்.

"விழுந்தா மேடம். என் கண்ணால பாத்தேன்" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவனின் பொய்க்கு எப்போதும் வால் நீளம். "செருப்பை மாத்து மாத்துன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன் மேடம். வீட்டுலயும் சரி, இங்கயும் சரி, சொன்ன பேச்சைக் கேக்கற பழக்கமே இல்ல."

அப்போது அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

மறுநாள் கவனக்குறைவு என்ற காரணத்தைக் காட்டி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உத்தரவை அவளிடம் கொடுத்ததும் நிர்வாகப் பொறுப்பு அதிகாரிதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வக்கீல் சொல்லிச் சிரித்தார். போனது யாருடைய தலைப்பாகை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பெரிய டாக்டர் சமாதானம் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலையில் ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சின்னவளின் அறை திறந்து கிடந்தது. கொடியில் அவள் துணிகள் இல்லை. கூடப் படித்தவள் ஒருத்தி வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அவளிடம் போய்விட்டதாக மனைவி சொன்னாள். அடுக்களைக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை.

"அவளுக்கு வேற நல்ல இடமா நானே பாத்துத் தரேன்" என்றார் அவர். "இப்போதைக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இல்லைன்னா நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், தெரியுமா?"

"தெரியும். சொன்னா."

"அப்புறம் என்ன? நீ என்ன பண்ணியிருப்பே, யோசிச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் மனைவி. "தினம் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்து ஜெயில் வாசல்ல நின்னிருப்பேன். யாருக்காக நிக்கறேன்னு எவ கேட்டாலும் தலை நிமிந்து சொல்லியிருப்பேன். இப்ப நீங்க வீட்டுலதான் இருக்கீங்க. உங்களுக்கு ஒரு தட்டு எடுத்துப் போட எனக்குக் கை வரல."

சொல்லிவிட்டு அவள் தங்கையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் பழப் பையைக் கீழே வைத்தார். உள்ளே போய் என்ன சொல்வது என்று யோசித்தார். உன் கோபம் நியாயம் என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அடுப்பில் சாப்பாடு மூடி வைத்திருந்தது. அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.